கறுப்புப் பலகையில் தெரிந்த இழை: நூற்பாலைப் பயிற்சி வகுப்புகளில் நான் கற்றவை

கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் பயிற்சி அலுவலராகச் சேர்ந்த முதல் ஆண்டில், நூல் நூற்கும் இயந்திரங்களான ரிங் ஃபிரேம்கள் ஓடும் பகுதியில், அவற்றைக் கவனித்துக்கொள்ளும் தொழிலாளர்களான சைடர்களுக்காக இரண்டு நாள் வகுப்பு ஒன்றை ஏற்பாடு செய்தேன். அலுவலக மாடியில் ஏசி அறை, 64 ஸ்லைடுகள், நடுவே டீயும் வடையும், கடைசியில் கருத்துப் படிவம். மொத்தம் 34 பேர் வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் ஃபுல் நைட் ஷிப்ட் முடித்து, குளித்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்தவர்கள். படிவத்தில் அநேகமாக எல்லாருமே ‘மிக நன்று’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். ஒரு மாதம் கழித்து நூலைக் கோன்களில் சுற்றும் ஆட்டோகோனர் பகுதியின் பதிவேட்டைப் புரட்டியபோது, பீசிங், அதாவது அறுந்த நூலை ஒட்டுவது, சரியில்லாமல் வெட்டி எறியப்படும் நூல் வகுப்புக்கு முன் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இருந்தது.

அந்தப் பதிவேட்டைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறொரு சம்பவம். வந்தவர்களில் ஒருவர் அந்த ஆலையிலேயே 22 ஆண்டுகள் வேலை பார்த்த அம்மா. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் 1930-களில் கோவைக்கு வந்த பிறகு பெருகிய ஆலைகளில் வேலை பார்த்த குடும்பம் அவருடையது. அப்பா, தாத்தா எல்லாருமே மில் தொழிலாளிகள். முதல் நாள் பிற்பகலில், எல்லாரையும் வகுப்பில் ஈடுபடுத்த வேண்டும் என்ற ஆசையில், திரையில் இருந்த ஒரு பத்தியை உரக்கப் படிக்கும்படி அவரிடம் கேட்டேன். கண்ணாடி எடுத்து வரவில்லை என்றார். பக்கத்தில் இருந்த பெண் நல்லெண்ணத்தோடு தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். அதை வாங்கிப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றவர், திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “நாளைக்குப் படிக்கறேனுங்க சார்” என்று சொல்லி உட்கார்ந்தார். மறுநாள் அவர் வரவில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும் என்பதும், அதைத் தன் மகள் வயதுப் பெண்களுக்கு முன்னால் காட்டிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை என்பதும் பிறகு வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நூலைத் தொட்டுப் பார்த்தே பழுதைச் சொல்லக்கூடிய ஒருவரை, அவருடைய வேலைக்குத் தேவையே இல்லாத ஒரு திறமையை வைத்து நான் பலர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன்.

பெரியவர்களுக்கான பயிற்சியைப் பற்றி நான் பிறகு கற்றவை எல்லாம் அந்தப் பிற்பகலில் இருந்துதான் தொடங்குகின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளை தெரியாது என்று சொல்வதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அது கற்க வந்த பிள்ளை. இருபது வருடம் ஒரு வேலையைச் செய்து, அதைக்கொண்டு வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒருவர், அதே வேலையில் தனக்கு ஏதோ தெரியவில்லை என்று நாலு பேருக்கு முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியிருப்பது முற்றிலும் வேறு விஷயம். அவருடைய மரியாதையே அந்த வேலையில்தான் இருக்கிறது. அதனால், பெரியவர்களுக்கு வகுப்பு வடிவமைப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, “இந்த வகுப்பில் ஒருவர் யாருக்கும் தெரியாமல் தவறு செய்து, யாருக்கும் தெரியாமல் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறதா?” என்பதே என்று நான் நம்புகிறேன்.

பெரியவர்கள் கற்கும் முறையைக் குறிக்க ‘ஆண்ட்ரகாஜி’ என்ற சொல்லை 1833-இலேயே அலெக்சாண்டர் காப் என்ற ஜெர்மன் ஆசிரியர் பயன்படுத்தியிருக்கிறார். அதைப் பரவலாக்கியவர் அமெரிக்கரான மால்கம் நோல்ஸ். 1960-களின் இறுதியில் இருந்து அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்துகளில் இரண்டு எனக்கு மிகவும் உதவின. பெரியவர்கள் வெறும் கையோடு வருவதில்லை, அனுபவத்தைச் சுமந்து வருகிறார்கள் என்பது ஒன்று. என்றைக்கோ உதவும் பாடத்தைவிட, இன்று கண்முன் இருக்கும் சிக்கலைத் தீர்க்கும் பாடத்துக்குத்தான் அவர்கள் மனம் இறங்குகிறது என்பது மற்றொன்று. என்னுடைய 64 ஸ்லைடுகளில் பருத்தியின் வரலாறு இருந்தது, நூற்பின் கொள்கை இருந்தது, தரத்தின் முக்கியத்துவம் இருந்தது. அந்த வாரம் எந்த ஃபிரேமில் ஏன் நூல் அதிகமாக அறுந்துகொண்டிருந்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்த வகுப்புக்கு முன், ஒரு மாதம் போல மூன்று ஷிப்ட்டிலும் மாறி மாறி ரிங் ஃபிரேம் பகுதியிலேயே நின்றேன். பயிற்சி வடிவமைக்கிறவர்கள் இதற்குக் குறுக்குவழி தேடக் கூடாது. துறைத் தலைவரிடம் கேட்டுப் பாடத்திட்டம் எழுதினால், துறைத் தலைவர் நினைக்கும் வேலைதான் பாடத்தில் வரும். உண்மையில் நடக்கும் வேலை வராது. அங்கே சத்தம் 90 டெசிபல் அளவுக்கு இருப்பதால் பேச்சே கிடையாது; கையசைவும் விசிலும்தான் மொழி. இழை அறாமல் இருக்கக் காற்றில் ஈரப்பதத்தைக் கூட்டி வைத்திருப்பதால் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்களான ஸ்பிண்டில்கள் 1,008 உள்ள ஒரு ஃபிரேமின் ஒரு பக்கம் மட்டும் 504 ஸ்பிண்டில். அத்தனையையும் ஒரு சைடர் நடந்துகொண்டே கண்ணால் துழாவுகிறார். வகுப்பறையில் உட்கார்ந்து நான் சொன்ன எத்தனை அறிவுரைகள் அந்த நடைக்கு நடுவே செய்யவே முடியாதவை என்பது நின்று பார்த்தபோதுதான் புரிந்தது.

இன்னொன்றும் புரிந்தது. இரண்டு ஃபிரேம்களில் இழை அறுப்பு அதிகம் என்பதால் அந்தச் சைடர்களை முதலில் பயிற்சிக்கு அனுப்பும்படி நிர்வாகம் சொல்லியிருந்தது. நான் நின்றுகொண்டிருந்த ஒரு அரை நைட் ஷிப்ட்டில், முன்பு சொன்ன அந்த அம்மா வழியில் நின்று, வளையத்தில் ஓடும் சின்னக் கம்பி வளையமான டிராவலரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. “மாத்தற தேதி தாண்டி ஓடுதுங்க. நாங்க சொல்லிச் சொல்லி அலுத்துட்டோம். இதுக்கு எங்களுக்கு என்னத்தப் படிச்சுக் குடுப்பீங்க?” என்று என் காதருகே வந்து கத்திச் சொன்னார். டிராவலர்களை மாற்றிய வாரத்திலேயே அந்த இரண்டு ஃபிரேம்களும் மற்றவற்றைப் போல ஓடத் தொடங்கின. இயந்திரத்தின் கோளாறுக்குத் தொழிலாளியைப் பயிற்சிக்கு அனுப்புவது வீண்செலவு என்பது மட்டுமில்லை, குற்றம் உங்கள்மேல்தான் என்று அவர்களிடம் சொல்லாமல் சொல்வதும்கூட. அதற்குப் பிறகு எந்தத் துறையில் இருந்து பயிற்சிக் கோரிக்கை வந்தாலும், அந்த வேலையைச் செய்பவர்கள் இரண்டு பேரிடம், “உயிரே போகிறது என்றால் உங்களால் இதைச் சரியாகச் செய்ய முடியுமா?” என்று தனியே கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். முடியும் என்றால் அங்கே குறைவது திறமை கிடையாது. கருவியோ நேரமோ சூழலோ குறைகிறது. அப்படிப்பட்ட கோரிக்கைகளைத் திருப்பி அனுப்பியதில் எனக்குக் கெட்ட பெயர் வந்ததும் உண்டு.

மிச்சமிருந்த சிக்கல் உண்மையாகவே பயிற்சியால் தீரக்கூடியது, அதுதான் பீசிங். அறுந்த நூலை மீண்டும் ஒட்டுவது பார்ப்பதற்கு நொடிப்பொழுது வேலை. 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 33,600 கஜம் நீளம் இருக்கும் அளவுக்கு மெல்லியது. ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்றுகள், அதாவது நொடிக்கு 300 சுற்றுகள் சுற்றுகிறது. ஒட்டிய இடம் தடித்துப்போனால் ஆட்டோகோனரில் உள்ள கருவி அதைக் கண்டுபிடித்து வெட்டிவிடும். மெலிந்துபோனால் திரும்ப அறுந்துவிடும். என் பழைய ஸ்லைடில் இதற்கு இருந்தது ஒரே வரி: ‘நூல் முனையை முன் ரோலரில் முறையாக ஒட்டவும்.’

‘முறையாக’ என்றால் என்ன என்பதை நான் அந்த அம்மாவிடம்தான் கற்றேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எனக்குக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டேன். உடனே சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, “கூட்டத்துல நிக்க மாட்டேன், ஃபிரேமுகிட்டன்னா சொல்றேன்” என்றார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லை. செய்து காட்ட மட்டுமே முடிந்தது. நன்றாக வேலை தெரிந்தவர்கள் எல்லாருக்குமே இப்படித்தான். அறிவு நாக்கை விட்டிறங்கி விரலுக்குப் போய்விடுகிறது. அதனால் அவரை மெதுவாகச் செய்யச் சொல்லி, ஒவ்வொரு அசைவிலும் நிறுத்தி, “இப்போ எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டுக் குறித்தேன். முழங்காலால் பிரேக்கை அழுத்தி ஸ்பிண்டிலை நிறுத்துகிறார். நூல் சுற்றிய குழலான காப்பில் இருந்து நூல் முனையை இழுத்து, டிராவலருக்குள் நுழைத்து, மேலே கொக்கியில் மாட்டுகிறார். அடுத்ததாக, யாரும் கவனித்திராத ஒரு சின்ன அசைவு: ஆள்காட்டி விரலை ஏப்ரனில் துடைக்கிறார். ஏன் என்று கேட்டபோது, டிராவலர் பக்கம் போன விரலில் கறை இருக்கும், துடைக்காமல் ஒட்டினால் அந்தக் கறை துணியில் போய் நிற்கும் என்றார். பிறகு அதிகப்படியான நூலைக் கிள்ளி எறிந்து முனையைக் குட்டையாக்குகிறார். கடைசியில் முழங்காலை விட்டுவிட்டு உடனே ஒட்டாமல், கண்ணிமைக்கும் நேரம் நிற்கிறார். “முறுக்கு ஏறி வர்றப்ப நூல் வெரல்ல துடிக்கும். அந்தத் துடிப்புலதான் ஒட்டோணும். முந்தி ஒட்டுனா புடிக்காது, பிந்தி ஒட்டுனா தடிச்சுப் போகும்” என்றார். அந்த ‘துடிப்பு’ என்ற ஒரு சொல்லில் என் 64 ஸ்லைடுகளிலும் இல்லாத பாடம் இருந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இப்படித்தான் செய்தார்கள் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தேர்ந்த தொழிலாளர்கள் போருக்குப் போய்விட, அனுபவமே இல்லாதவர்களைக் கொண்டு உற்பத்தியைப் பெருக்க வேண்டிய நிலையில், ‘டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி’ என்ற அரசுத் திட்டம் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி அளித்தது. ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் எதிரே அதன் சூட்சுமத்தை ஒரே தாளில் எழுதுவது அதன் முறைகளில் ஒன்று. கற்பவரை இயல்பாக்குவது, செய்து காட்டுவது, அவரையே செய்து விளக்கச் சொல்வது, பிறகும் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பது என்று நான்கு கட்டங்கள். போருக்குப் பின் இது ஜப்பானுக்குப் போய், டொயோட்டா போன்ற நிறுவனங்களில் வேரூன்றியது. தொழிலாளி கற்கவில்லை என்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை என்பது அந்தத் திட்டத்தின் கொள்கை. எண்பது வருடம் பழைய இந்த ஒற்றைத் தாளைவிட மேலான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் தாளில் படி என்ற பத்தியும் காரணம் என்ற பத்தியும் நான் எழுதியவை. நடுவில் உள்ள சூட்சுமம் முழுக்க அந்த அம்மாவின் சொற்கள்.

வகுப்பின் நேரத்தையும் இடத்தையும் மாற்றியது அடுத்த வேலை. இரண்டு முழு நாள் என்பதை, இருபது இருபது நிமிடமாக ஆறு அமர்வுகளாக உடைத்து மூன்று வாரங்களுக்குப் பரப்பினேன். 1885-இல் ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துக் கண்ட மறதி பற்றிய முடிவுகள் இதற்கு ஆதாரம். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்த அவருக்கு, ஒரு நாள் கழிந்தபின் தேறியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இடைவெளி விட்டுத் திரும்பத் தொடுவதுதான் மறதிக்கு மருந்து என்பது அப்போதிருந்தே தெரிந்த விஷயம். ஆனாலும் பயிற்சி என்றதும் மண்டபம் பிடித்து இரண்டு நாள் நடத்துவதே இன்னமும் வழக்கமாக இருக்கிறது, ஏனென்றால் நடத்துபவருக்கு அதுதான் வசதி. நேரத்தை ஷிப்ட்டின் தொடக்கத்தில், சம்பளம் கொடுக்கும் நேரத்துக்குள் வைக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். ஃபுல் நைட் முடித்தவரின் தூக்கத்தில் இருந்து எடுத்த இரண்டு மணி நேரத்தில் எந்தப் பாடமும் ஏறாது. அதைக் கேட்பதே முறையும் கிடையாது.

இடத்துக்கு, ஓரமாக ஓடாமல் கிடந்த ஒரு பழைய குட்டை ஃபிரேமை ஃபிட்டர்களைக் கெஞ்சி ஓட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அதைச் சுற்றித் தடுப்புப் போட்டு, மேஸ்திரியோ மேலாளரோ பயிற்சி நேரத்தில் உள்ளே வரக் கூடாது என்று ஏற்பாடு செய்தேன். ஒரு நேரத்தில் மூன்று பேருக்கு மேல் கிடையாது. அங்கே அறுந்தாலும் தடித்தாலும் கணக்கில் வராது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவோம்.

அந்தத் தடுப்புக்குள் மிகவும் பயன்பட்ட பொருள் ஒரு கறுப்புப் பலகை. தரப் பரிசோதனைக் கூடத்தில் நூலின் தோற்றத்தைப் பார்ப்பதற்காக, கறுப்புப் பலகைமேல் நூலைச் சீரான இடைவெளியில் சுற்றிப் பார்ப்பார்கள். மெல்லிசு, தடிப்பு, முடிச்சு எல்லாம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். தொழிலாளர்களில் பலர் அதைக் கண்டதே இல்லை. அதில் ஒன்றை வாங்கிவந்து, பயிற்சிக்கு வந்தவர் போட்ட பத்துப் பீசிங்குகளையும் சுற்றி அவர் கையிலேயே கொடுத்தோம். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு பெண் பலகையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, தான் ஒட்டிய ஒவ்வொரு இடத்தையும் விரலால் தொட்டு எண்ணி, ஏழாவது இடத்தில் நிறுத்தி, “இது என்னதுங்க, கம்பளிப்பூச்சி மாதிரி கெடக்குது?” என்று தானே கேட்டாள், உடனே ஃபிரேமுக்குத் திரும்பிப் போய் இன்னும் பத்துப் போட்டாள். ஒருவர் தன் தவறைத் தன் கண்ணால், தனியாக, செய்த கையோடு பார்த்துவிட்டால் அதற்குமேல் அவரை ஊக்குவிக்க வேறெதுவும் தேவைப்படுவதில்லை. வகுப்பைச் சுவாரஸ்யமாக்க வேண்டும் என்று பலூன் ஊதச் சொல்வதையும் நாற்காலி விளையாட்டு வைப்பதையும் நானும் செய்து பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பார்கள். ஆனால், நாற்பது வயதுக்காரர்கள் ஆர்வத்தோடு முன்னால் நகர்ந்து உட்காருவதை நான் பார்த்தது அந்தப் பலகையைச் சுற்றித்தான்.

பாடத்தைக் காரணத்தோடு சொல்வதற்கும் அதே அளவு பலன் இருந்தது. அறுந்த நூலைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்பேன். ‘வேஸ்ட் ஆகும்’ என்பார்கள். எவ்வளவு என்று சேர்ந்து கணக்குப் போடுவோம். அந்த 40-ஆம் நம்பரில் ஒரு ஸ்பிண்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 மீட்டர் நூல் தருகிறது. ஐந்து நிமிடம் கவனிக்காமல் விட்டால் 85 மீட்டர் நூலுக்கான பஞ்சு உறிஞ்சு குழாய்க்குள் போய்விடும். வராந்தாவின் நீளத்தை அளந்து, 85 மீட்டர் என்றால் அதில் எத்தனை தடவை நடக்க வேண்டும் என்று ஒருவர் நடந்தே காட்டினார். ‘கவனமாக இருங்கள்’ என்று நான் நூறு முறை சொல்லியும் நடக்காதது அந்த நடையில் நடந்தது.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் சேரத் தொடங்கியபோது மொழி ஒரு பெரிய தடையாக நின்றது. தமிழில் சொன்னதை இந்தியில் மொழிபெயர்த்து எழுதி ஒட்டினோம். ஒடியா மட்டுமே சரளமாகத் தெரிந்தவர்களுக்கு அதுவும் முழுமையாக எட்டவில்லை. பிறகு எழுத்தை அநேகமாக எடுத்துவிட்டு, எங்கள் ஆலையின் எங்கள் ஃபிரேமில் எங்கள் ஆட்களின் கையை எடுத்த படங்களை மட்டும் வரிசையாக ஒட்டினோம். இணையத்தில் இருந்து எடுத்த படமாக இருந்தால், “இது நம்ம மிஷின் இல்லை” என்று அதோடு மனம் விலகிவிடும். அந்த இளைஞர்களில் முதலில் தேறிய ஒருவரையே அடுத்து வந்தவர்களுக்குக் கற்றுத்தர வைத்தோம். அவர் துடிப்பு என்பதற்குத் தன் மொழியில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக் காட்டிச் சொன்னதைப் பார்த்தேன்.

“புரிஞ்சுதா?” என்ற கேள்வியை நான் முற்றாகக் கைவிட்டதும் அந்தக் காலத்தில்தான். நம் ஊரில் அந்தக் கேள்விக்குத் தலையாட்டுவதுதான் மரியாதை. புரியவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவரைக் குறை சொன்னதாகிவிடும் என்ற கூச்சமும் இருக்கிறது. அதற்குப் பதிலாக, “நான் புதுசாக வந்தவன் என்று வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லிக் கொடுங்கள்” என்பேன். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே நான் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். கேள்வி கேட்டபின் காத்திருப்பதும் பழக வேண்டிய ஒன்று. மனதுக்குள் பத்து எண்ணும் வரை வாய் திறக்காமல் இருந்தால், ஏழிலோ எட்டிலோ பின் வரிசையில் இருந்து யாராவது பேசத் தொடங்கிவிடுவார்கள்.

பாதுகாப்பு வகுப்பிலும் இதே பாதையில்தான் போக வேண்டியிருந்தது. பஞ்சுத் தூசியால் நுரையீரல் பாதிக்கப்படும் பிசினோசிஸ் என்ற நோயைப் பற்றிப் பயங்கரமான படங்களைக் காட்டி முகக்கவசம் போடச் சொன்ன காலத்தில், வாசல் தாண்டியதும் கவசம் கழுத்துக்கு இறங்கிவிடும். அடுத்த முறை படம் எதுவும் காட்டவில்லை. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமிலும் அதைச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் வேலை செய்பவர்களிடம், “வார லீவு முடிந்து வேலைக்கு வரும் முதல் நாளில் உடம்பு எப்படி இருக்கும்?” என்று மட்டும் கேட்டேன். சற்று மௌனம். பிறகு ஒருவர், அன்று சாயங்காலம் நெஞ்சைப் பிடித்தாற்போல் இருக்கும், மறுநாள் சரியாகிவிடும் என்றார். இன்னொருவர், தனக்கும் அப்படித்தான், லீவில் சாப்பிட்ட சாப்பாட்டால் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அதுதான் அந்த நோயின் தொடக்க அடையாளம் என்பதும், மேலை நாடுகளில் இதைத் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றே அழைத்தார்கள் என்பதும் அதற்குப் பிறகு நான் சொன்னபோது, அது அவர்களுடைய சொந்தக் கதையாகிவிட்டிருந்தது. கவசம் ஏன் போடுவதில்லை என்று அவர்களே பேச ஆரம்பித்தார்கள்: காதுப் பட்டை அறுக்கிறது, ஈரத்தில் மூச்சு முட்டுகிறது, கொடுப்பதே மாதத்துக்கு ஒன்று. இவற்றில் பாதி, பயிற்சியால் தீராதவை. வேறு வகைக் கவசம் வாங்கிக் கொடுத்தும், அடிக்கடி மாற்றிக் கொடுத்தும் தீர்க்க வேண்டியவை. அந்தப் பட்டியலை அப்படியே நிர்வாகத்திடம் கொண்டுபோனேன். கவசத்தின் வகை மாறியபிறகு போடுபவர்கள் கூடினார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு பெரிய தவறை நான் திரும்பச் செய்தேன். மேஸ்திரிகளையும் சூப்பர்வைசர்களையும் விட்டுவிட்டேன். தடுப்புக்குள் நன்றாகக் கற்று வெளியே போன ஒரு பெண், நூல் துடிக்கும் வரை காத்திருந்து ஒட்டியதைப் பார்த்து, “என்ன நின்னு வேடிக்க பாக்கற? அங்க சொன்னதெல்லாம் அங்கயே வெச்சுக்க, இங்க சட்டுபுட்டுன்னு போடு” என்று ஒரு மேஸ்திரி சொன்னது என் காதில் விழுந்தது. மூன்று வாரப் பயிற்சி அந்த ஒற்றை வாக்கியத்தில் கரைந்தது. அவர்மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. அவருடைய கணக்கு அன்றைய உற்பத்தி, நான் அவரிடம் எதையும் விளக்கியிருக்கவில்லை. அதன்பின் எந்தப் பாடத்தையும் முதலில் மேஸ்திரிகளுக்கு நடத்துவது என்று வைத்துக்கொண்டோம். அதிலும், அவர்களைக் கற்பவர்களாக உட்கார வைக்காமல், தாளில் உள்ள சூட்சுமங்களைச் சரிபார்த்துத் தரும்படி கேட்டோம். இரண்டு இடங்களில் அவர்கள் சொன்ன திருத்தம் உண்மையிலேயே சரியாக இருந்தது. தாங்கள் திருத்திய பாடத்தை அவர்கள் பிறகு எங்கும் எதிர்த்துப் பேசவில்லை.

பலனை அளப்பது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் 1959-இல் எழுதத் தொடங்கிய நான்கு நிலைகள் பயிற்சித் துறையில் எல்லாருக்கும் தெரிந்தவை: வகுப்பு பிடித்ததா, கற்றார்களா, வேலையில் அப்படிச் செய்கிறார்களா, அதனால் நிறுவனத்துக்கு என்ன பலன். என் கருத்துப் படிவம் முதல் நிலையோடு நின்றிருந்தது. மூன்றாவது நிலையை அறிய, பயிற்சி பெற்றவர்களின் ஃபிரேமில் இருந்து வரும் காப்புகளைத் தனிப் பெட்டியில் போட்டு, ஆட்டோகோனரில் தனியே ஓட்டிப் பார்த்தோம். பத்தாவது நாள் ஒருமுறை, முப்பதாவது நாள் ஒருமுறை. 100 ஸ்பிண்டில் ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை அறுப்பு என்ற வழக்கமான கணக்கையும் கூடவே வைத்தோம். அறுப்பு கூடியிருந்தால் அது கையின் பிழையா இயந்திரத்தின் பிழையா என்று பிரித்துப் பார்க்க அது உதவியது. முப்பதாவது நாள் எண்ணிக்கை நன்றாக வந்தபோது, பெயர்களோடு வரிசைப்படுத்தி நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம், போட்டி வந்தால் இன்னும் முன்னேறும் என்று மேலிடத்தில் ஒரு யோசனை வந்தது. நான் மறுத்தேன். அந்தப் பட்டியலின் அடியில் வரும் பெயருக்குரியவர் மறுநாளே காப்பை மறைக்கத் தொடங்குவார். தவறு மறைந்துவிட்டால் எனக்குக் கற்பிக்க ஒன்றும் மிஞ்சாது. அவரவர் எண் அவரவருக்கு மட்டும் ஒரு சின்னச் சீட்டில் தரப்பட்டது. சிலர் தாங்களாகவே சீட்டைத் தோழிகளிடம் காட்டி ஒப்பிட்டுக்கொண்டார்கள். அது அவர்கள் விருப்பம்.

அந்த அம்மா மாடி அறைக்கு அதன்பிறகும் வரவில்லை, நானும் அழைக்கவில்லை. தடுப்புக்குள் பழைய ஃபிரேமின் பக்கத்தில், வாரத்தில் மூன்று நாள், புதிதாக வந்தவர்களின் முழங்காலை எங்கே வைக்க வேண்டும் என்பதில் தொடங்கி எல்லாம் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அந்த மணி நேரத்துக்குத் தனியாகப் படித்தொகை வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. சென்ற ஆண்டு வேறு வகை டிராவலர்களும் கூடுதல் வேகமும் வந்தபோது, தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். எழுத்துக் கூட்டி, விரலை வரியின் கீழே வைத்து, நிதானமாக அவரே எனக்குப் படித்துக் காட்டினார், நான்காவது வரியில் நின்று, “தம்பி, இந்த வேகத்துல துடிப்புக்குக் காத்திருந்தா பிந்திப் போகுதுங்க. இந்த வரிய அடிச்சுட்டு வேற எழுதோணும்” என்றார். இருவரும் பேனாவையும் தாளையும் எடுத்துக்கொண்டு ஃபிரேமுக்குப் போனோம்.